டிரம் நனைந்தால் என்ன செய்வது?

கேள்வி: 2011இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் பைக். மழைத்தண்ணீரில் போய்வந்ததிலிருந்து பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. வீட்டிலேயே சரிசெய்யலாமா?
- வாசகர், கோடம்பாக்கம்

பதில்: தாராளமாக. இம்பல்ஸுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நனைந்த டிரம்முக்கு முதல் வைத்தியம் ஸ்பேனர் அல்ல. ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக மிதித்தால் சூட்டில் ஈரம் போய்விடும்.

அப்படியும் பிடிக்காவிட்டால், பிரேக் கம்பி முனையிலுள்ள நட்டை வலப்பக்கம் திருகலாம். பெடலில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ப்ளே மிஞ்ச வேண்டும். அதையும் இறுக்கிவிடுகிற ஆர்வக்கோளாறுகள் உண்டு; கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் டிரம் கொதித்துவிடும். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் உரசாமல் சுழல வேண்டும். பெடலை முழுதாக மிதிக்கும்போது பிரேக் கையிலுள்ள அம்பு, டிரம் மூடியின் குறியைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது.

முன் டிஸ்க்கில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. பேடின் பள்ளத்தையும் பிரேக் ஆயிலின் அளவையும் பார்த்தால் போதும். இம்பல்ஸ் விற்பனை நின்றுவிட்டதால், பழைய ஷூவைக் கையோடு எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஏறி இறங்கலாம்.