ஒரு மூடிக்கு இரண்டு மூடி

நம்பிக்கை: ஒரு மூடி பிளானோபிக்ஸ் பிஞ்சை நிறுத்தினால், இரண்டு மூடி இன்னும் நன்றாக நிறுத்தும்.

உண்மை: ராசிபுரம், ஆத்தூர் பக்கம் மூடிதான் அளவுகோல். தப்பு அங்கேயே தொடங்குகிறது. மிளகாயில் பூவும் பிஞ்சும் உதிராமலிருக்க 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி போதும். 10 லிட்டர் டேங்குக்கு 2 மில்லி சொச்சம்! புட்டியில் இருப்பது உரமல்ல. செடியே சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைப் போலச் செயல்படும் ரசாயனம். அளவு மீறினால் செடி எத்திலீன் வாயுவைச் சுரக்கும். எத்திலீன் காம்பை விடுவித்துவிடும். காய்ப்பு கூடிப்போன ஆப்பிள் மரங்களில் பிஞ்சை உதிர்க்கவென்றே இதே மருந்தை அடிக்கிறார்கள்.

இந்த மாதிரி மிகை நேராதபடி செல் தன் பங்குக்குக் காவல் வைத்திருக்கிறது. வளர்ச்சி மரபணுக்களைச் சில புரதங்கள் அடக்கி வைத்திருக்கும். ஆக்சின் வந்ததும் அவற்றை டிஐஆர்1 என்ற ஏற்பியோடு ஒட்டவைக்கும். ஒட்டியவை அழிக்கப்பட, மரபணுக்கள் விழிக்கும். (இந்த ஏற்பியை இண்டியானா, யார்க் பல்கலைக்கழகக் குழுக்கள் 2005இல் தனித்தனியே உறுதிசெய்தன.) வேடிக்கை என்னவென்றால், விழித்த கையோடு உருவாகிறவற்றில் அதே அடக்கும் புரதங்களும் உண்டு. கூடவே ஜிஹெச்3 நொதிகள் பெருகி, மிஞ்சிய ஆக்சினை அமினோ அமிலத்தோடு பிணைத்து முடக்குகின்றன. முடுக்கியவனே கடிவாளத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறான்.

நம்பிக்கை: பருத்திக் கொழுந்து விரல்விரலாக ஒடுங்கினால் வைரஸ்தான்.

உண்மை: முதலில் டேங்கை விசாரியுங்கள். மக்காச்சோளத்துக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கைப் பேருக்கு அலசிவிட்டுப் பருத்திக்கு எடுத்திருப்பார்கள். அல்லது பக்கத்துக் காட்டிலிருந்து காற்றில் வந்திருக்கும். 2,4-டியும் அதே ஏற்பியைத்தான் பிடிக்கிறது. ஆனால் சொந்த ஆக்சினை முடக்கும் வேகத்தில் அதைச் செல்லால் முடக்க முடியாது. வளரச் சொல்லும் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். அகன்ற இலைக் களைகள் சாவதும் இப்படித்தான். பருத்திக்கோ டேங்கின் அடியில் தங்கிய மிச்சமே போதும். பழைய இலைகள் நன்றாக இருந்து, அடித்த பகுதி முழுக்கப் புதுக்கொழுந்துகள் ஒரே சமயத்தில் ஒடுங்கினால் சந்தேகம் களைக்கொல்லி மேல்தான் விழ வேண்டும். அதற்கு, வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈக்கான மருந்து வாங்குவது வீண் செலவு. களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வையுங்கள்.

நம்பிக்கை: டானிக் (வளர்ச்சி ஊக்கி) அடித்த காட்டுக்கு உரத்தைக் குறைக்கலாம்.

உண்மை: ஊக்கி கட்டளைதான் போடும். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மண்ணிலிருந்துதான் வர வேண்டும்.