பஸ்ஸில் ஏறியவர் எத்தனை பேர்?

உங்கள் ஊர் இளைஞர் மன்றமோ லயன்ஸ் சங்கமோ இலவசக் கண் முகாம் நடத்த முடிவெடுத்து, பொறுப்பை உங்களிடம் விட்டிருக்கலாம். அல்லது கண் மருத்துவமனை ஒன்றில் முகாம் அமைப்பாளராக இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். இரண்டு பேருக்கும் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முகாமுக்கு வந்த கூட்டத்தை எண்ணாதீர்கள். மாலையில் ஆபரேஷனுக்குப் பஸ் ஏறியவர்களை எண்ணுங்கள்.

இதில் பாடம் கற்க மதுரையைவிட நல்ல இடம் கிடையாது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்களுக்கே போய் முகாம் போடுவது அவர் அரசுப் பணியில் இருக்கும்போதே கையாண்ட வழி. வேலைப் பங்கீடு இன்றும் தெளிவானது. டாக்டர், செவிலியர், கருவிகள், பஸ், ஆபரேஷன், சாப்பாடு எல்லாம் மருத்துவமனையுடையது. இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது ஊர்க்காரர்களுடையது. கண்புரை ஆபரேஷனுக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். அதற்கு ஒருவரை வீட்டிலிருந்து கிளப்பச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்கள்தான் உங்கள் வேலை.

தேதியில் கோட்டை விடாதீர்கள். நடவு, அறுவடை, ஊர்த் திருவிழா, பெரிய முகூர்த்த நாள் எல்லாவற்றையும் கேட்டு விலக்குங்கள். இடம் பஸ் நிற்கும் ரோட்டோரப் பள்ளிக்கூடமாக இருந்தால் நல்லது. வெளிச்சம், குடிதண்ணீர், கழிவறை, உட்கார நிழல். இவ்வளவு போதும், பந்தல் அலங்காரத்துக்குக் காசைக் கரைக்க வேண்டாம்.

நோட்டீஸ் அடிப்பதும் ஆட்டோவில் மைக் கட்டுவதும் செய்ய வேண்டியவைதான். ஆனால் அவை மட்டும் போதாது. முகாம் நடந்த தென்னிந்தியக் கிராமங்களில் எடுத்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. கண்ணில் கோளாறு இருந்த பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். இலவசம் என்று தெரிந்தும் மற்றவர்கள் ஏன் வரவில்லை என்பதை வாசல் வாசலாகப் போனால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஒரு முறை எங்கள் குழுவில் ஒரு கல்லூரி மாணவி, திண்ணையில் இருந்த பாட்டியிடம் கால்மணி நேரம் பேசினாள். வலிக்காது, காசில்லை, கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவார்கள் என்று எல்லாம் சொன்னாள். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எல்லாஞ் சரித்தா, நான் போயிட்டா இந்த ஆட்டுக்கு யாரு தழை ஒடிச்சுப் போடுவா?" என்றார். "நான் போடுறேன் அப்பத்தா" என்றாள் மாணவி. சொன்னபடியே இரண்டு நாளும் போட்டாள். பாட்டி பஸ் ஏறியது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

அதனால் வீடு வீடாகப் போகும் தொண்டர், பேசுவதைவிட அதிகம் கேட்க வேண்டும். பேரப்பிள்ளையை யார் பார்ப்பது, மகன் சம்மதிப்பானா, வெயில் காலத்தில் ஆபரேஷன் ஆகுமா? ஒவ்வொரு வீட்டின் தடையும் வேறு. பயப்படுகிறவரிடம் டாக்டர் பேச்சு எடுபடாவிட்டால், அதே தெருவில் ஏற்கெனவே லென்ஸ் வைத்துக்கொண்டவரைக் கூட்டிப் போங்கள். அவரைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. மாற்றுத் துணி, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், பழைய மருத்துவச் சீட்டு மூன்றையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். துணி எடுக்க வீட்டுக்குத் திரும்பியவர்களில் பலர் மறுபடி வரமாட்டார்கள்.

முகாமன்று சீட்டு எழுத, வரிசை பார்க்க, கைபிடித்து நடத்த ஆட்களைப் பிரித்து விடுங்கள். பார்வைச் சோதனைக்கு முன்னால், படிக்கத் தெரியுமா என்று எல்லார் முன்னும் சத்தமாகக் கேட்காதீர்கள். எழுத்தில்லாத அட்டை இருக்கிறது, அதைக் காட்டினால் போதும்.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சர்க்கரையோ பிரஷரோ கூடுதலாக இருந்தால் அன்று ஆபரேஷன் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மூட்டை முடிச்சோடு வந்தவர் அப்படியே உடைந்துபோவார். அவர் பெயரைத் தனி நோட்டில் எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க அழைத்துப் போங்கள், அளவு இறங்கியதும் அடுத்த முகாமுக்கு நீங்களே போய்க் கூப்பிடுங்கள். பல முகாம்கள் தோற்பது இந்த நோட்டு இல்லாததால்தான்.

ஆபரேஷன் முடிந்து திரும்பும் பஸ் இரவில் வந்தாலும் ஊர் முக்கில் நீங்கள் நிற்க வேண்டும். சொட்டு மருந்தை எந்த வேளை விடுவது, எப்போது தலைக்கு ஊற்றலாம் என்பதை வீட்டில் மருந்து விடப்போகிற மருமகளிடமோ பேத்தியிடமோ சொல்லிக் கொடுங்கள். கண் சிவந்தாலோ வலித்தாலோ காத்திருக்காமல் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பிறகு மறுபரிசோதனை நாள். நன்றாகத் தெரிகிறதே, எதற்கு என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அதற்கு முதல் நாள் மாலை மறுபடி ஒரு சுற்று, அதே வாசல்களுக்கு.