முன்னால் போகிறவனுக்குத்தான் காற்று
பல கட்டச் சைக்கிள் பந்தயமும் தோட்டத்துச் சைக்கிளும்

முன்னுரை

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் ‘எனது மிதிவண்டி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவர் இருக்க முடியாது. நானும் எழுதினேன். அதற்கு இரண்டு சக்கரங்கள் உண்டு, ஒரு மணி உண்டு, அதை நான் தினமும் துடைப்பேன் என்று எழுதி முடித்துவிட்டேன். இப்போது இருபத்திரண்டு வயதில் அதே தலைப்பை மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். இம்முறை பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

2018 மார்ச் மாதம், நான் மூன்றாம் படிவம் படித்துக் கொண்டிருந்தேன். அவ்வாண்டு ‘லெ டூர் டி லங்காவி’ பந்தயத்தின் ஏழாம் கட்டம் நீலாயிலிருந்து மூவாருக்கும், இறுதிக் கட்டம் ரெம்பாவிலிருந்து கோலாலம்பூருக்கும் நடைபெற்றன. நெகிரி செம்பிலானில் அடுத்தடுத்து இரண்டு தொடக்கங்கள்! ரெம்பாவுக்கு அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் அழைத்துச் சென்றார். நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டிகள் ஒரே உடலைப் போல எங்களைக் கடந்து போனார்கள். முழுக் காட்சியும் அரை நிமிடம்கூட இல்லை. திரும்பும் வழியில் அப்பா ஒரு கேள்வி கேட்டார்: “எல்லாரும் ஒன்னாவே போறானுங்க. அப்புறம் எப்படிடா ஒருத்தன் மட்டும் ஜெயிக்கிறான்?”

அந்தக் கேள்விக்கு நான் கற்றுக்கொண்ட விடைதான் இக்கட்டுரை.

பல கட்டப் பந்தயம் என்றால் என்ன?

ஒரே நாளில் முடியும் பந்தயத்தில் முதலில் கோட்டைத் தொடுபவர் வெற்றியாளர். பல கட்டப் பந்தயம் அப்படியன்று. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓட்டி எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில் மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே ஒட்டுமொத்த வெற்றியாளர். ஒரு குழுவாகச் சேர்ந்து கோட்டைக் கடப்பவர்கள் அனைவருக்கும் ஒரே நேரமே வழங்கப்படும். ஆகவே ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வராமலேயே ஒருவர் முழுப் பந்தயத்தையும் வெல்லலாம்.

உலகின் புகழ்பெற்ற பந்தயமான ‘டூர் டி பிரான்ஸ்’ 21 கட்டங்களைக் கொண்டது. 2018 முதல் அதில் அணிக்கு 8 பேர். அதற்கு முன் 9 பேர். நம் நாட்டு லங்காவிப் பந்தயம் 1996-இல் தொடங்கியது. பல ஆண்டுகளில் அதன் முடிவைத் தீர்மானித்தது கெந்திங் மலையேற்றம்தான். 2010-இல் அனுவார் மனான் அப்பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்ற முதல் மலேசியரானார். நாங்கள் ரெம்பாவில் பார்த்த 2018 பந்தயத்தில் ஒட்டுமொத்த வெற்றி ரஷ்யரான ஆர்தெம் ஓவெச்கினுக்கு; அவர் ஓட்டியதோ நம் திரெங்கானு அணிக்காக.

காற்றும் கணக்கும்

சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஓட்டியின் பலத்தில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆனால், முன்னால் செல்பவரின் பின் சக்கரத்தை ஒட்டிச் செல்பவருக்கு அந்தக் காற்று மறைக்கப்படுகிறது. அவருக்குக் கிட்டத்தட்ட கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பலம் மிச்சமாகும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். தனியாகச் செல்பவரின் செலவு 100 என்று கொள்வோம். பின்னால் செல்பவரின் செலவு 70. நால்வர் முறை மாற்றி முன்னே வந்தால், ஒவ்வொருவரும் கால்வாசி நேரம் 100-உம் முக்கால்வாசி நேரம் 70-உம் செலவிடுகின்றனர். சராசரி 77.5. அதே வேகம், ஆனால் ஒவ்வொருவருக்கும் 22.5 விழுக்காடு மிச்சம். ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்று பள்ளியில் மனனம் செய்தோம். அந்த நன்மையை எண்ணில் பார்த்தது இங்கேதான்.

மலையேற்றத்தில் வேகம் குறைவு. எனவே காற்றின் எதிர்ப்பும் குறைவு. அங்கே பின்னால் ஒளிவதில் பெரிய பயன் இல்லை. அவரவர் உடல் எடையை அவரவர்தான் ஏற்ற வேண்டும். கெந்திங் போன்ற மலைகள் முடிவைத் தீர்மானிப்பதற்குக் காரணம் இதுவே.

ஏன் உடனே துரத்துவதில்லை?

தொலைக்காட்சியில் பந்தயம் பார்க்கும்போது, “நாலு பேர் ஓடிட்டான்! இவனுங்க ஏன் சும்மா வர்றானுங்க?” என்று அப்பா கோபப்படுவார். இதற்கும் கணக்கு உண்டு. முன்னேறிய நால்வர் 3 நிமிட இடைவெளியுடன் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார்கள் என்போம். அந்த இடைவெளி 2.25 கிலோமீட்டர். பெருங்குழு 48 கிலோமீட்டர் வேகத்தில் துரத்தினால், மணிக்கு 3 கிலோமீட்டர் வீதம் நெருங்கும். பிடிப்பதற்கு 45 நிமிடம் ஆகும்; அதற்குள் பெருங்குழு 36 கிலோமீட்டர் கடந்திருக்கும். எனவே முடிவுக்கோட்டுக்கு 40 கிலோமீட்டர் இருக்கும்போது முடுக்கினால் போதும். முன்கூட்டியே பிடித்துவிட்டால் வேறு நால்வர் புதிதாக ஓடத் தொடங்குவர். அவர்களையும் துரத்த வேண்டி வரும். தொலைவில் விட்டு வைப்பதும் ஒரு தந்திரமே.

உழைப்பவன் ஒருவன், வெல்பவன் ஒருவனா?

எங்கள் வீட்டிலும் ஒட்டுக்கடையிலும் ஓயாமல் நடக்கும் விவாதம் இதுதான். ஒவ்வோர் அணியிலும் தலைவர் ஒருவர்; மற்றவர் துணையோட்டிகள். அவர்கள் காற்றைத் தாங்குவர். அணியின் காருக்குச் சென்று தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவர். தலைவரின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பர். கடைசி மலையின் பாதியில் பலம் தீர்ந்து பின்தங்கிப் போவர்.

2012 டூர் டி பிரான்ஸில் பிரேட்லி விக்கின்ஸ் தலைவர். கிறிஸ் ஃபுரூம் துணையோட்டி. ஆல்ப்ஸ் மலையேற்றம் ஒன்றில் ஃபுரூம் தலைவரை முந்திச் சென்றார். காத்திருக்கும்படி உத்தரவு வந்தது, காத்திருந்தார். விக்கின்ஸ் வென்றார், ஃபுரூம் இரண்டாமிடம். மறு ஆண்டு ஃபுரூமே தலைவராகி வென்றார்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமா சொல்வார்: “அது போட்டியே இல்ல. சம்பளத்துக்கு ஓட்டுறவன், மண்டோர் சொன்னா நின்னுதானே ஆகணும்?” நான் மறுத்தேன். அணியின் பரிசுப் பணத்தை அனைவரும் பங்கிட்டுக்கொள்வது வழக்கம், தலைவர் வென்றால் எல்லாருக்கும் வெற்றிதான் என்றேன். மாமா விடவில்லை. “பணம் பங்கு வரும். பேரு பங்கு வருமா?” என்றார்.

2023 ஸ்பெயின் பந்தயமான ‘வுவெல்ட்டா’ எங்கள் விவாதத்துக்குப் புதிய தீனி போட்டது. அவ்வாண்டு செப் குஸ் என்ற துணையோட்டி இத்தாலியப் பந்தயத்தில் பிரிமோஷ் ரோக்ளிச்சுக்கு உழைத்தார், ரோக்ளிச் வென்றார். பிரான்ஸில் யோனஸ் விங்கேகோவுக்கு உழைத்தார், அவரும் வென்றார். மூன்றாவதாக ஸ்பெயினில், ஓட்டத்தின் நடுவே குஸ்ஸே முதலிடத்துக்கு வந்துவிட்டார். அப்போது என்ன நடந்தது? ஆங்லிரு என்ற கடும் மலையில் அவ்விரு தலைவர்களும் அவரை விட்டுவிட்டு முன்னேறினர். குஸ்ஸின் முன்னிலை 8 விநாடியாகச் சுருங்கியது. அதன் பிறகே அணி அவரைக் காக்க முடிவெடுத்தது. இறுதியில் குஸ் வென்றார். விங்கேகோ 17 விநாடி பின்தங்கி இரண்டாமிடம், ரோக்ளிச் மூன்றாமிடம்.

மாமா சொன்னது முழுத் தவறன்று என்பதை அன்று ஒப்புக்கொண்டேன். கூட்டு முயற்சி தானாக நியாயமாகிவிடாது. அதை நியாயமாக நடத்த வேண்டும். கூட்டு தீமைக்கும் பயன்படும். லேன்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் அணி ஒற்றுமைக்குப் பேர் போனது. அதே அணி ஊக்கமருந்திலும் ஒன்றாக நின்றது. 1999 முதல் 2005 வரை அவர் பெற்ற ஏழு வெற்றிகளும் 2012-இல் பறிக்கப்பட்டன.

இருக்கையும் உடலும்

தந்திரம் எவ்வளவு இருந்தாலும் உடல் ஒத்துழைக்க வேண்டும். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். எஞ்சியது 24.5 கிலோமீட்டர் தனிநேர ஓட்டம் மட்டுமே. ஆனால் அவருக்கு இருக்கை உராய்ந்து புண்ணாகியிருந்தது, உட்காரவே வேதனை. எதிராளியான அமெரிக்கர் கிரேக் லெமோண்ட், கைகளை முன்னே குறுக்கி நீட்டும் புதுவகைக் கைப்பிடியுடன் காற்றைக் கிழித்துச் சென்றார். அன்று ஃபின்யோன் இழந்தது 58 விநாடி. 3,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பந்தயத்தை அவர் 8 விநாடியில் இழந்தார். அப்பந்தய வரலாற்றில் இதுவே மிகக் குறைந்த வித்தியாசம்.

“உன் சீட்டு கத்தி மாதிரி இருக்கு. என்னுது நாற்காலி” என்று அப்பா கேலி செய்வார். அவர் பால்மரம் சீவிய காலத்துச் சைக்கிளில் ஸ்பிரிங் வைத்த அகலமான தோல் இருக்கை. அதில் நிமிர்ந்து உட்கார்வதால் உடல் எடை முழுவதும் இருக்கையில் இறங்கும். அதற்கு அகலம் தேவை. பந்தயச் சைக்கிளில் குனிந்து ஓட்டுவதால் எடை கை, கால், இருக்கை என மூன்றாகப் பிரிகிறது. அங்கே அகலமான இருக்கை தொடையை உராயும். இரண்டும் அதனதன் வேலைக்குப் பொருத்தமானவையே.

ஓட்டிப் பழகும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள்:

இருக்கை உயரம்: வெறுங்காலுடன் சுவரோரம் நின்று கவட்டிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 சென்டிமீட்டர். பெடல் தண்டுகள் இரண்டும் சேர்ந்து சுழலும் சட்டத்தின் அடி அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேல் வரை இந்த அளவு இருக்கலாம். லெமோண்ட் காலத்தில் பரவிய இந்தக் கணக்கு நல்ல தொடக்கம்; பிறகு உங்கள் உடலுக்கு ஏற்பச் சிறிது மாற்றிக்கொள்ளலாம். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வு. பின்புறம் வலித்தால் உயரம்.

டயர்: முன்பு பந்தய வீரர்கள் 23 மில்லிமீட்டர் டயரில் கல்லாகக் காற்றடித்தனர். அண்மை ஆண்டுகளில் 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பயன்படுத்துகின்றனர். அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் அதிர்வு குறையும். கரடுமுரடான சாலையில் வேகமும் குறையாது. லாரிகள் ஓடித் தேய்ந்த செம்பனைத் தோட்டச் சாலைகளுக்கு இது மிகப் பொருந்தும்.

கை மரத்தல்: ஒரே பிடியில் நெடுநேரம் அழுத்தினால் உள்ளங்கை நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப் போகும். அடிக்கடி பிடியை மாற்ற வேண்டும்.

தண்ணீர்: நம் வெயிலில் தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். சிறிது சிறிதாக, தொடக்கத்திலிருந்தே குடிக்க வேண்டும்.

புக்கிட் புத்துஸ் கற்றுத் தந்தது

இவ்வளவும் தெரிந்த நான் கடந்த தீபாவளி விடுமுறையில் என்ன செய்தேன்? பழைய தோட்டத்து நண்பர்கள் மூவருடன் சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் புறப்பட்டேன். முறை மாற்றி ஓட்டுவது என்று பேச்சு. புக்கிட் புத்துஸ் மேட்டில் என் கால் நன்றாக இருந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டேன். உச்சியில் தனியே நின்று கைப்பேசியில் படம்கூட எடுத்தேன். இருபது நிமிடமாகியும் ஒருவரும் வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால், ஒருவன் வெயில் தாங்காமல் வாந்தியெடுத்துச் சாலையோரம் படுத்திருந்தான். மற்ற இருவரும் தங்கள் தண்ணீரை அவன் தலையில் ஊற்றித் தீர்த்திருந்தனர். மிச்சத் தண்ணீர் என் புட்டியில்தான் இருந்தது.

அவன் தேறிவிட்டான். என்னிடம் ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. திரும்பும் வழி முழுவதும் நானே முன்னால் சென்றேன்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. தோட்டத்துக் கதை ஒன்றைச் சொன்னார். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது, தங்கள் லயத்தில் ஒருவர் சைக்கிளில்தான் டைனமோ விளக்கு இருந்ததாம். அவர் முன்னால் போவார். மற்றவர்கள் அந்த வெளிச்சத்தில் வரிசையாகப் பின்னால். வேகமாக மிதித்தால் விளக்கு நன்றாக எரியும். ஆனால் பின்னால் வருபவர்கள் இருட்டில் விடப்படுவார்கள். அதனால் மெதுவாக மிதித்து, மங்கலான வெளிச்சத்திலேயே எல்லாரையும் கொண்டு போவாராம். “அவர் யாருப்பா?” என்றேன். “உங்கம்மாவோட அண்ணன்தான். நீ பாத்ததில்ல” என்றார்.

முடிவுரை

அந்தத் தோட்டம் இன்று செம்பனை. லயங்கள் இல்லை, நாங்கள் தாமானுக்கு வந்துவிட்டோம். மாமா கேட்ட கேள்விக்கு என்னால் இயன்ற விடை இதுதான்: பேர் தானாகப் பங்கு வராது, பின்னால் வந்தவர்கள்தாம் அதைச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்குச் சொல்லும் வேண்டும். இக்கட்டுரையில் கட்டம், பெருங்குழு, துணையோட்டி, தனிநேர ஓட்டம் ஆகிய சொற்களைக் கையாண்டுள்ளேன். பிறர் பின்னே காற்றுக்கு மறைந்து ஓட்டுவதைக் ‘காற்றுமறைவு’ எனலாம் என்பது என் பரிந்துரை. இவற்றினும் நல்ல சொற்கள் உங்களிடம் இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள். கூடவே, உங்கள் தோட்டத்தில் விளக்கோடு முன்னால் சென்றவர் யாரென்று வீட்டில் கேட்டு, அவரைப் பற்றியும் எழுதுங்கள்.