உயிர்மருத்துவப் பொறியியற் கல்வி

பொறியியல் கற்பார்க்கு உடற்கூற்று நூல் எற்றுக்கு என நண்பர் சிலர் நம்மை வினவுகின்றனர். உயிர்மருத்துவப் பொறியியற் பட்டத்திற்குரிய நான்காண்டுகளில் கணிதம், இயக்கவியல், மின்னணுவியல் என்பவற்றோடு உடலின் அமைப்பையும் தொழிலையும் நாம் பயிலவேண்டியிருத்தலின், அவ்வினா இயல்பேயாம். அதற்கு விடை ஓர் இருதய வால்வின் வரலாற்றிற் கிடைக்கின்றது.

இருதயம் நிமிடத்திற்கு 72 முறை துடிப்பதாகக் கொள்வோமாயின், அதிற் பொருத்தப்பெறும் செயற்கை வால்வு ஓராண்டில் ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் முறை திறந்து மூடல் வேண்டும். அத்தேய்மானத்தைத் தாங்கும் பொருளைத் தேர்தல் பொறியியலார் கடன். எனினும், வன்மை ஒன்றே போதாது. வால்வின்மேற் குருதி உறையுமாயின், அவ்வுறைகட்டி மூளையை அடைந்து உயிர்க்கு ஊறு விளைத்தலுங் கூடும். ஆதலின் குருதியின் இயல்பறியாதார் வால்வு சமைத்தல் இயலாது.

திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், அறுவை மருத்துவராகிய டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவரும் பொறியியலாரும் ஒருங்குகூடி இம்முயற்சியை மேற்கொண்டனர். முதல் மூன்று அமைப்புகளும் பயன்படாது போயின. அவர்கள் மனந்தளராது நான்காவதொன்றை ஆக்கினர். உலோகச் சட்டத்தினுள் சாய்ந்து திறக்கும் பாலிஎதிலீன் வட்டினையுடைய அவ்வால்வு, 1990-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் முதன்முதலாக நோயாளி ஒருவர்க்குப் பொருத்தப்பெற்றது.

மாணாக்க நண்பர்காள்! இரு துறைகளுள் ஒன்றைத் தேர்வின்பொருட்டு மட்டும் மனனஞ்செய்து மறந்துவிடலாம் என்னும் எண்ணம் நமக்கும் எழுவதுண்டு. விடைத்தாளிற் பிழை நேரின் இழப்பது சில மதிப்பெண்களே. அதே பிழை வால்வில் நேரின் இழப்பது பிறர் உயிராகும். இதனை நினைவிற்கொண்டு இரண்டனையும் ஐயமறக் கற்போமாக.