பாதுகாப்பு விசா வழக்கு: முதல் 35 நாள் வேலை

ஆஸ்திரேலியாவில் அகதி வழக்குகளை நடத்தும் வக்கீல் அலுவலகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? தமிழ் தெரியும் என்பதற்காகவே சில கோப்புகள் உங்கள் மேசைக்கு வந்துவிடும். எதிரே உட்காரும் அண்ணனோ அக்காவோ சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "நான் சொன்னதை அவை நம்பேல்லை."

அந்த வருத்தம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட் படி ஏற முடியாது. குடிவரவுத் துறை விசா மறுத்த பிறகு, இவர் அகதியா இல்லையா என்பதை மறுபடி முழுதாக அலசுவது நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம். 2024 அக்டோபர் 14 முதல் பழைய நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் (ஏஏடி) இடத்தில் இயங்குவது அதுதான். அங்கும் தோற்றுக் கோர்ட்டுக்குப் போகிறவரிடம் நீதிபதி அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்க மாட்டார். முடிவெடுத்த விதத்தில் சட்டப்பிழை உண்டா என்றுதான் பார்ப்பார். பிழை இருந்தால் முடிவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லித் தீர்ப்பாயத்துக்கே அனுப்புவார். விசா கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்; பலர் கோர்ட்டில் ஜெயித்தால் விசா கையில் என்று நினைத்து வருகிறார்கள்.

அடுத்து, தேதி. 1958-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் 477-வது பிரிவு தரும் அவகாசம் 35 நாள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, முடிவு தேதியிலிருந்து எண்ண வேண்டும். கோப்பைத் திறந்ததும் அந்தத் தேதியைக் கண்டுபிடித்து அட்டையிலேயே எழுதுங்கள். நாள் தவறினால் எழுத்து மூலம் நீட்டிப்புக் கேட்கலாம். ஆனால் தாமதத்தின் காரணத்தோடு வழக்கின் வலுவையும் எடைபோடுவார்கள். மனுப் போட்டால் பிரிட்ஜிங் விசா (வழக்கு நடக்கும்போது தங்க உதவும் தற்காலிக விசா) தானாக நீண்டுவிடாது. அதற்குத் தனி விண்ணப்பம், அதற்கும் கெடு உண்டு.

இனிதான் உண்மையான வேலை. மேசையில் இரண்டு கட்டு வையுங்கள்: ஒன்று, அவர் இதுவரை கொடுத்த வாக்குமூலங்கள், இன்னொன்று, தீர்ப்பாயத்தின் முடிவு. வாக்குமூலத்தில் அவர் பயப்படும் காரணம் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஓர் எண் போடுங்கள். தம்பி இயக்கத்தில் இருந்தது ஒன்று, கடைக்கு வந்து கப்பம் கேட்டது இரண்டு, இங்கே மெல்பனில் ஆர்ப்பாட்டத்தில் நின்றது மூன்று என்று வைத்துக்கொள்வோம். பிறகு முடிவைப் பத்தி பத்தியாகப் படித்து, எந்த எண்ணுக்கு எந்தப் பத்தியில் பதில் இருக்கிறது என்று குறியுங்கள். மூன்றாம் எண்ணுக்கு எங்கும் பதிலே இல்லை என்றால், வக்கீலிடம் கொண்டுபோக ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. நம்பாமல் விட்டது வேறு, பார்க்காமல் விட்டது வேறு.

இது வெறும் நுணுக்கம் அல்ல. கிறிஸ்மஸ் தீவில் மதிப்பிடப்பட்ட இரண்டு இலங்கைத் தமிழர்களின் வழக்கில் (எம்61), 2010 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலிய ஹைகோர்ட் — இங்கே அதுதான் உச்ச மன்றம் — ஏழு நீதிபதிகளும் ஒருமித்து அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் சொன்ன அச்சக் காரணங்களில் ஒன்றை மதிப்பீட்டாளர் தொடவே இல்லை. பாதகமான நாட்டுத் தகவலை முன்வைத்துப் பதில் கேட்கவும் இல்லை. நம் ஆட்களுக்காக உழைக்க வருகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு முறையாவது முழுதாக வாசிக்க வேண்டும்.

பிழை கண்டால் மட்டும் போதாது. அந்தப் பிழை நேராமல் இருந்திருந்தால் முடிவு வேறாக வந்திருக்கக் கூடுமா என்றும் காட்ட வேண்டும். 2024-ல் எல்பிடிடி வழக்கில் ஹைகோர்ட் இந்தப் படி அவ்வளவு உயரமானதல்ல என்று தெளிவுபடுத்தியிருக்கிறது.

தீர்ப்பாய விசாரணையின் ஒலிப்பதிவைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பில் குளறுபடி நடந்ததாகக் கட்சிக்காரர் சொன்னால், நீங்களே கேட்டு எழுதிக் கொடுப்பது சாட்சியம் ஆகாது. நாட்டி (மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் ஆஸ்திரேலிய அமைப்பு) சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எழுத்தாக்கம் செய்து சத்தியக் கடதாசியோடு தர வேண்டும். 1999-ல் இலங்கையர் ஒருவரின் வழக்கில் நீதிபதி கென்னி, மொழிபெயர்ப்பு மோசமாக இருந்ததையே காரணமாக ஏற்றார்.

வாயையும் கட்டுங்கள். குடிபெயர்வுச் சட்டத்தின் 91எக்ஸ் பிரிவின்படி கோர்ட் இவர்கள் பெயரை வெளியிடாது. எழுத்தும் எண்ணுமான அடையாளம்தான் தீர்ப்பில் வரும். கோர்ட்டே மறைக்கும் பெயரை ஊர்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்டால், ஊரில் இருக்கும் தாய் தகப்பன் வீட்டுக் கதவு தட்டப்படலாம்.

வழக்கே இல்லாத கோப்புகளும் வரும். வெற்றி வாய்ப்பு இருப்பதாக நம்ப நியாயமான காரணம் உண்டு என்று வக்கீல் சான்றொப்பம் இடாமல் மனுத் தாக்கல் செய்ய முடியாது (அதே சட்டத்தின் 486ஐ பிரிவு). தோற்றால் எதிர்த்தரப்பான அமைச்சரின் வழக்குச் செலவும் பெரும்பாலும் கட்சிக்காரர் தலையில்தான் விழும். "கோர்ட்டில் போட்டு வைப்போம், காலம் ஓடட்டும்" என்று காசு வாங்குகிறவர்கள் செய்வது பாவம், சட்டமும் தடுக்கும் வேலை. வழக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் நேரில், தமிழில், காரணத்தோடு சொல்லுங்கள். கெடுவுக்கு முன்பே சொல்லுங்கள். இன்னொரு வக்கீலிடம் கேட்டுப் பார்க்க அவருக்கும் நாள் வேண்டும்.