எழுத்தின் நிறமும் நிபந்தனை வாய்பாடும்

பல நிலையங்களின் மழையளவைக் காட்டும் செயலியைக் களப்பணியாளர் ‘பவர் ஆப்ஸ்’ மென்பொருளில் தாமே அமைத்தல் இயலும். அதில் எழுத்தின் நிறமும் ஒரு பண்பே. நிலையான நிறத்திற்கு ஈடாக, ‘இஃப்’ என்னும் நிபந்தனை வாய்பாட்டை அப்பண்பிற்கு அளிக்கலாம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டின்படி, 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை. இவற்றிற்கு முறையே நீலம், செம்மஞ்சள், சிவப்பு என நிலையப் பெயரின் நிறத்தை அமைப்போம்.

வாய்பாடு நிபந்தனைகளை வரிசையாகச் சோதித்து, முதலில் மெய்யாவதோடு நின்றுவிடும். 64.5 என்னும் எல்லை முதலில் நிற்பின், 210 மில்லிமீட்டர் பெய்த நிலையமும் நீலமாகவே தோன்றும்; அபாயம் கண்ணுக்குத் தப்பும். ஆதலின் பெரிய எல்லையையே முதலில் சோதித்தல் வேண்டும்.

அளவு பதியாத இடத்தை, எண்ணோடு ஒப்பிடுங்கால், வாய்பாடு பூச்சியமாகக் கொள்ளும். அளக்காத நாள் மழையற்ற நாளன்று. எனவே வெற்றிடச் சோதனையை அனைத்திற்கும் முன்வைத்து, அதற்குச் சாம்பல் நிறம் அளிக்க.

நிறங்களைப் பிரித்தறிய இயலாதாரும் உளர். அவர்பொருட்டுச் சிவப்பெழுத்தைத் தடித்த எழுத்தாகவும் அமைத்தல் நன்று.