விழாப் பந்தலில் ஓர் ஓவியப் பாடம்

விழா என்றாலே விளம்பரம் வேண்டும். அழைப்பிதழ், வாசல் தட்டி, மேடைத் திரை, வழிகாட்டிப் பலகை என்று வேலைகள் வரிசையாக நிற்கும். இன்று கணினியும் பிளெக்ஸ் அச்சகமும் இருப்பதால் பணத்தைக் கொடுத்தால் மறுநாளே எல்லாம் கைக்கு வந்துவிடுகின்றன. விழா முடிந்ததும் அவை குப்பைக்குப் போய்விடுகின்றன. இதே வேலையை ஒரு பெரிய ஓவியர் தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கையாலேயே செய்து காட்டினார். நம் சங்க விழாக்களுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

ஹரிபுரா மாநாடு

இந்திய தேசிய காங்கிரசின் 51-ஆவது மாநாடு 1938 பிப்ரவரியில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் கூடியது. இடம், குஜராத்தில் தபதி ஆற்றங்கரையில் உள்ள ஹரிபுரா என்னும் கிராமம். மாநாடுகள் நகரங்களை விட்டுக் கிராமங்களுக்கு வரவேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். 1936 டிசம்பரில் பைஸ்பூரில் அது தொடங்கியிருந்தது. பந்தல் அலங்காரத்தை அவர் சாந்திநிகேதன் கலாபவனத்தின் தலைவர் நந்தலால் போஸிடம் ஒப்படைத்தார். உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே செய்யவேண்டும், வழியே நடந்து வரும் கிராமத்து மக்கள் பார்த்து மகிழவேண்டும் என்பதே நோக்கம்.

நந்தலால் கையால் செய்த காகிதத்தை அட்டையில் ஒட்டி, மண் வண்ணங்களால் தீட்டினார். உழவர், குயவர், தச்சர், தையற்காரர், பஞ்சு கொட்டுபவர், மேளம் வாசிப்பவர், குழந்தையோடு தாய் என்று அன்றாடம் காணும் மனிதர்களே அப்படங்களில் இருந்தனர். எண்பதுக்கும் மேற்பட்டவற்றை அவரே வரைந்தார். அவற்றைப் பார்த்து மாணவர்கள் படியெடுக்க, மொத்தம் ஏறக்குறைய 400 படங்கள் வாயில்களிலும் பந்தல்களிலும் தொங்கின. அவற்றுள் பல இன்று தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன. 2019-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியின் இந்திய அரங்கிலும் இவற்றுள் சில வைக்கப்பட்டன.

நாம் கவனிக்க வேண்டியவை

முதலாவது, வேலைக்கு ஏற்ற பாணி. கூட்டத்தோடு நடந்து செல்பவர் ஒரு படத்தின் முன் வெகு நேரம் நிற்கமாட்டார். ஆகவே தடித்த, வேகமான தூரிகைக் கோடுகள். நிழல் வேலை இல்லாத மூன்று நான்கு வண்ணங்கள். சுற்றிலும் ஒரு வளைவுச் சட்டம். வங்காளத்துப் பட ஓவியர்களான பட்டுவாக்களின் வழி இது. தொலைவிலிருந்து தெளிவாகத் தெரிந்தது, பலர் சேர்ந்து படியெடுக்கவும் எளிதாக இருந்தது.

இரண்டாவது, பொருளின் எளிமை. செலவு குறைந்ததோடு, மண்ணின் நிறங்கள் பந்தலின் மூங்கிலோடும் கதரோடும் இயல்பாக இணைந்தன.

மூன்றாவது, எழுத்தின் இடம். வந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அங்கே படமே பேசியது. நம் நிலை வேறு. நம் பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் தாராளமாகப் படிக்கிறார்கள், தமிழ் எழுத்தைக் கண்டால் தயங்குகிறார்கள். நாம் எழுதும் தட்டியில் படமும் வேண்டும், பெரிய தமிழ் எழுத்தும் வேண்டும்.

செய்து பார்ப்போம்

பொங்கல் விழாவுக்கு ஒரு தட்டி என்று வைத்துக்கொள்வோம். காவிக்கட்டியைக் கடையில் ‘கேரு’ என்று கேளுங்கள். மஞ்சளுக்குப் ‘பீலி மிட்டி’, வெள்ளைக்குக் ‘கடியா’, கறுப்புக்கு விளக்குக் கரி.

1. கோந்தை முதல் நாள் இரவே நீரில் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டுங்கள்.

2. வண்ணக் கட்டிகளைப் பொடித்துச் சலித்து, தோசை மாவுப் பதத்தில் நீர்விட்டுக் குழையுங்கள். பிறகு கோந்து நீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

3. துண்டுக் காகிதத்தில் தீட்டி, காய்ந்தபின் விரலால் தேயுங்கள். பொடி ஒட்டினால் கோந்து போதவில்லை. வெடித்தால் கோந்து அதிகம், வண்ணமும் நீரும் சேருங்கள்.

4. கெட்டி அட்டையில் தடித்த காகிதத்தை ஒட்டி, பாரம் வைத்துக் காயவிடுங்கள்.

5. முதலில் ‘பொங்கல்’ என்ற எழுத்துகளுக்குப் பென்சிலால் இடம் ஒதுக்குங்கள். மிஞ்சிய இடத்தில் பானை, கரும்பு, மாடு. அகன்ற பரப்புகளுக்கு வண்ணம் தீட்டிக் காய்ந்தபின், கடைசியில் கறுப்புக் கோடு.

6. பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எழுத்து படிக்க முடியாவிட்டால் இன்னும் தடிப்பாக்குங்கள்.

மண் வண்ணம் மழைக்குத் தாங்காது. தட்டியைக் கூரைக்கு உள்ளே மாட்டுங்கள். நூற்றுக்கணக்கில் வேண்டிய அழைப்பிதழை அச்சகத்துக்கே கொடுங்கள். நாள், நேரம், இடம் தெளிவாக இருக்கட்டும். வாசலையும் மேடையையும் நம் கைகளுக்கு விட்டுவைத்தால் போதும்.

பெரியவர் ஒருவர் மாதிரி வரைந்து தரட்டும், பிள்ளைகள் படியெடுக்கட்டும். ‘ழ’வின் சுழியை ஓர் அடி உயரத்துக்குத் தீட்டும் பிள்ளை, அதன் வடிவத்தைக் கையாலேயே கற்றுக்கொள்கிறது. பணம் கொடுத்து வாங்கும் தட்டியில் அந்தப் பாடம் கிடைக்காது. வருகிற விழாவுக்கு வீட்டுக்கு ஒரு தட்டி என்று தொடங்கலாமே!